முதுகுப்பையைத் தொலைத்த இருவர்

(திரைப்படச் சங்கக் கூட்டமொன்றில், படத் திரையிடலுக்குப் பின் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



படம் முடிந்து விளக்கைப் போட்டதும் பலர் கைக்குட்டையை எடுத்தீர்கள். பழியை இந்த அரங்கத்து மின்விசிறிகள் மேல் மட்டும் போட முடியாது. இரண்டு மணி நேரம் திரையில் ஆட்கள் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்களுக்கும் வியர்க்கத்தான் செய்யும்.

அகிரா குரோசாவா என்றால் நம் ஆட்களுக்கு முதலில் வாள் ஞாபகம் வரும், குதிரை ஞாபகம் வரும், கொட்டுகிற மழையில் சண்டை ஞாபகம் வரும். இந்தப் படத்தில் மழை உண்டு, மற்ற இரண்டும் கிடையாது. ஜப்பானியத் தலைப்பு 'நோரா இனு'. நம் பாஷையில் தெருநாய். 1949 அக்டோபரில் வெளிவந்தது. அவரை உலகமே திரும்பிப் பார்க்க வைத்த 'ரஷோமோன்' அடுத்த வருஷம்தான் வந்தது. ஆகவே நீங்கள் இன்று பார்த்தது, வெளிநாட்டில் யாருக்கும் பெயர் தெரியாத ஒரு முப்பத்தொன்பது வயது இயக்குநர், தோற்றுப்போன தன் ஊர்க்காரர்களுக்காக எடுத்த படம். வெளியாள் பார்ப்பான் என்ற நினைப்பே அதில் இல்லை. எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகப் படுகிறது.

வெளியாள் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த முதல் காட்சியே சாட்சி. பெயர்கள் ஓடும்போது ஒரு நாய் நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்குகிறதே, அதைத் தெருநாய்களைப் பிடித்து அடைக்கும் இடத்திலிருந்து வாங்கி வந்தார்கள். சாதுவான நாயாம். முகத்துக்கு ஒப்பனை செய்து, சைக்கிளுக்குப் பின்னால் ஓடவிட்டு, இளைத்து நிற்கும்போது எடுத்திருக்கிறார்கள். பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தைச் சேர்ந்த ஓர் அமெரிக்கப் பெண்மணி அதைப் பார்த்துவிட்டு, நல்ல நாய்க்கு வெறிநோய்க் கிருமியை ஊசி போட்டு ஏற்றிவிட்டார்கள் என்று புகார் கொடுத்தார். வழக்குவரை போகப் பார்த்தது. ஜப்பான் அப்போது அமெரிக்கப் படையின் ஆளுகையில் இருந்தது, குரோசாவா வாக்குமூலம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. போரில் தோற்றதற்காக அன்றைக்கு வருந்தியதுபோல் வேறு எப்போதும் வருந்தியதில்லை என்ற பொருள்பட அவர் தன் வரலாற்றில் எழுதுகிறார். சிரித்துக்கொண்டே எழுதியது மாதிரி இருக்கும், ஆனால் சிரிப்பு இல்லை.

அந்த வருஷத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். 1945இல் சரணடைந்த பிறகு, சீனாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியர்கள், சிப்பாய்களும் குடிமக்களுமாக, ஊர் திரும்பினார்கள். வந்து இறங்கிய ஊரில் வீடு எரிந்து போயிருந்தது, வேலை இல்லை, அரிசி ரேஷனில். 1949இல் ஜோசப் டாட்ஜ் என்ற அமெரிக்க வங்கியாளர் விலைவாசியை அடக்குவதற்காகக் கடுமையான சிக்கனத் திட்டத்தைக் கொண்டுவந்தார். ரயில்வேயில் பெரிய ஆட்குறைப்பு. அந்தக் கோடையிலேதான், ஜூலையில், ரயில்வேயின் தலைவர் ஷிமொயாமா தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். கொலையா தற்கொலையா என்று இன்றுவரை தீரவில்லை. படத்தில் அடிக்கிற வெயில் அந்தக் கோடையின் வெயில்.

குரோசாவாவே அப்போது ஒரு விதத்தில் வீடற்றவர்தான். அவர் வளர்ந்த தோஹோ ஸ்டுடியோவில் தொடர்ந்து வேலைநிறுத்தம். 1948இல் வேலைநிறுத்தக்காரர்களை வெளியேற்றப் போலீசுடன் அமெரிக்கப் படையின் டாங்கிகளும் வந்து நின்றன. அதன் பிறகு அவர் வெளியே வந்து, கிடைத்த கம்பெனியில் படம் எடுத்தார். இது ஷின்தோஹோவில் எடுத்தது. முதலில் நாவலாக எழுதினார், பெல்ஜியத்து எழுத்தாளர் ஜார்ஜ் சிமெனான் பாணியில். ஆறு வாரத்தில் நாவல் முடிந்துவிட்டது. கையில் நாவல் இருக்கிறதே, திரைக்கதை சீக்கிரம் வந்துவிடும் என்று நினைத்தால், ரியூசோ கிகுஷிமாவோடு சேர்ந்து எழுத அதைவிட நாள் பிடித்தது. அச்சில் எழுதிய கதை சினிமாவுக்கு எளிதில் வசப்படாது என்பது நமக்கும் பழக்கமான சங்கதிதான்.

சரி, படத்துக்கு வருவோம். இதைத் துப்பறியும் படம் என்கிறார்கள். யார் குற்றவாளி என்பது பாதிப் படத்துக்குள் தெரிந்துவிடுகிறது, யூசா என்ற ஓர் இளைஞன். அவன் முகத்தை மட்டும் கடைசிக் கட்டம்வரை காட்டுவதில்லை. ஆக, இயக்குநர் நம்மைத் தேடவிடுவது ஆளை இல்லை. அந்த ஆள் எங்கேயிருந்து முளைத்தான் என்பதைத்தான். என் கட்சி இதுதான்: காரணத்தை வாயால் சொல்ல இந்தப் படத்தால் முடியவில்லை, அமெரிக்கப் படை ஆளுகையின் தணிக்கை இருந்தது. அதனால் சாமான்களை வைத்துச் சொல்லிவிட்டது. ஒரு துப்பாக்கி, ஒரு ரேஷன் அட்டை, ஒரு முதுகுப்பை, ஒரு கவுன். பாத்திரங்கள் பேசுகிற வசனத்துக்கும் இந்தச் சாமான்கள் சொல்லும் சாட்சிக்கும் நடுவில் ஒரு சண்டை ஓடிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் சாமான்கள்தான் ஜெயிக்கின்றன என்று நான் நினைக்கிறேன்.

துப்பாக்கியில் ஆரம்பிப்போம். புதிதாகத் துப்பறியும் பிரிவுக்கு வந்த முராகாமி, சுடும் பயிற்சி முடிந்து நெரிசலான பஸ்ஸில் வருகிறான். வாசனைத் திரவியம் பூசிய ஒருத்தி உரசிக்கொண்டு நிற்கிறாள். இறங்கினால் பையில் துப்பாக்கி இல்லை. கோல்ட் ரகம், அமெரிக்கத் தயாரிப்பு. உள்ளே 7 தோட்டாக்கள். அவன் ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டு போகிறான். மேலதிகாரி அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போய்த் தேடச் சொல்கிறார். பிக்பாக்கெட்காரி ஓகினைப் பகல் முழுக்க நிழல்போலப் பின்தொடர்கிறான். இரவில் சலித்துப்போய் அவளே அவனுக்கு பீரும் சுட்ட இறைச்சியும் வாங்கிக் கொடுத்து, பசித்த முகத்தோடு திரிந்தால் துப்பாக்கி விற்கிறவன் தானாக வந்து பேசுவான் என்று துப்பும் கொடுக்கிறாள். சொல்லிவிட்டு அப்படியே சாய்ந்து வானத்தைப் பார்த்து, நட்சத்திரங்களை மறந்தே போயிருந்தேன் என்கிறாள். திருடி ஒருத்திக்கு இப்படி ஒரு நிமிஷத்தைக் கொடுக்க மனசு வேண்டும்.

அதற்குப் பிறகு வருகிற நடை. சிலர் நெளிந்ததை நான் கவனித்தேன். வசனமே இல்லாமல் எட்டு ஒன்பது நிமிஷம், பழைய சிப்பாய் உடையில் முராகாமி சந்து சந்தாக அலைகிறான். கால்கள், கண்கள், கூரை இடுக்கு வழியே விழும் வெயில், ஒரு கடையின் பாட்டு முடிவதற்குள் அடுத்த கடையின் பாட்டு. இதில் பெரும்பகுதி செட் கிடையாது. உதவி இயக்குநர் இஷிரோ ஹோண்டா, கேமராவை மறைத்து எடுத்துக்கொண்டு தோக்கியோவின் நிஜமான கள்ளச்சந்தைகளுக்குள் போனார். முராகாமியாக நடித்த மிஃபுனேவுக்குப் பதிலாகப் பல இடத்தில் நடப்பவரும் ஹோண்டாதான். அவரும் சீனாவில் சிப்பாயாக இருந்து திரும்பியவர். ஐந்து வருஷம் கழித்து 'காட்ஸில்லா' எடுத்த அதே ஹோண்டா. போருக்குப் பிந்திய தோக்கியோ எப்படி இருந்தது என்பதைத் தன் படத்தில் பதிந்து வைத்ததற்கு அவருக்குத்தான் கடன்பட்டிருக்கிறேன் என்று குரோசாவாவே ஒப்புக்கொண்டார். கதையை நகர்த்த இந்த நடைக்கு இரண்டு நிமிஷம் போதும். ஆனால் நெளிந்தவர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்த நீளத்தில்தான், போலீஸ்காரன் தேடுகிற ஆள் எப்படி வாழ்ந்தானோ அப்படிப் போலீஸ்காரனே வாழ்ந்து பார்க்கிறான். அவனை வேஷம் என்று யாரும் சந்தேகப்படவில்லை. வேஷம் அவ்வளவு பொருந்துகிறது.

பொருந்தாமல் என்ன செய்யும்? அந்த வேஷத்தைப் போட்ட தொஷிரோ மிஃபுனே சீனாவின் சிங்தாவ் நகரில் பிறந்தவர். போரில் விமானப்படையின் புகைப்படப் பிரிவில் வேலை. போர் முடிந்து, வேலை தேடி 1946இல் தோஹோவுக்கு வந்து, புதுமுகத் தேர்வில் முரட்டுத்தனம் காட்டித் தற்செயலாக நடிகரானவர்.

இனி ரேஷன் அட்டை. இந்தக் கதையில் துப்பாக்கியை யாரும் விற்பதில்லை, வாடகைக்கு விடுகிறார்கள். ஈடாகக் கொடுப்பது அரிசி ரேஷன் அட்டை. துப்பாக்கியோடு போனவன் திரும்பி வருவானா என்று பயமே வேண்டாம்; அட்டை இல்லாமல் அவன் சாப்பிட முடியாது. இதைவிடக் கெட்டியான ஜாமீன் அன்றைய ஜப்பானில் கிடையாது. உயிரை எடுக்கும் சாமானும் உயிரைக் காக்கும் சாமானும் ஒன்றுக்கொன்று ஈடு என்று ஒரு சந்தை தானாகவே விலை வைத்துவிட்டது. யூசாவின் பெயர் போலீசுக்குக் கிடைப்பதும் அந்த அட்டையிலிருந்துதான். பேஸ்பால் மைதானத்தில், ஆயிரக்கணக்கான கூட்டத்துக்கு நடுவில், ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைத்துத் ஹோண்டா என்ற பெயருள்ள துப்பாக்கித் தரகனை வளைத்துப் பிடிக்கிறார்களே, அந்தப் பரபரப்பெல்லாம் முடிந்து கையில் மிஞ்சுவது ஒரு துண்டு அட்டை.

இந்த இடத்தில் படத்துக்கு வெளியே இருந்து ஒருவரைக் கூப்பிடுகிறேன். யோஷிததா யமகுச்சி, தோக்கியோவில் நீதிபதி. கள்ளச்சந்தை வழக்குகளை விசாரித்தவர். அடுத்தவரைத் தண்டித்துவிட்டு நான் கள்ளச்சந்தை அரிசி தின்பதா என்று, ரேஷனில் வந்ததை மட்டும் சாப்பிட்டார். அதிலும் பெரும்பகுதியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். 1947 அக்டோபரில், முப்பத்து நான்கு வயதுகூட நிரம்பாமல், பட்டினியால் நலிந்து இறந்துபோனார். சட்டத்தை ஓர் எழுத்து மீறாமல் வாழ்ந்தால் செத்துப்போகிற ஊர் அது. அப்படியானால் உயிரோடு இருந்த எல்லாரும் ஏதோ ஒரு அளவுக்குக் குற்றவாளிகள். 1949இல் கொட்டகையில் உட்கார்ந்து படம் பார்த்த ஒவ்வொருவருக்கும் இது தெரியும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு சாதோவின் வீட்டுக் காட்சியைப் பாருங்கள். தகாஷி ஷிமுரா நடித்த மூத்த துப்பறிவாளர். சிறிய வீடு, தோட்டத்தில் பூசணி, சுவரில் பாராட்டுப் பத்திரங்கள், பாயில் வரிசையாகத் தூங்கும் பிள்ளைகள், ரேஷனில் வாங்கிய பீர். முராகாமி தன் மனதிலிருப்பதைச் சொல்கிறான்: தப்பான மனிதர்கள் என்று யாரும் இல்லை, தப்பான நிலைமைகள்தான் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன், யூசாவை நினைத்தால் பாவமாக இருக்கிறது. சாதோ சிரித்தபடி மறுக்கிறார். கெட்டவன் கெட்டவன்தான், காரணம் ஆராய்வது எழுத்தாளர்கள் வேலை, நம் வேலை இல்லை. தூங்கும் குழந்தைகளைப் பார்க்கும்போது அவர் பேச்சில் நியாயம் இருப்பதுபோலவே தெரிகிறது. ஒரு நல்ல மனிதர் வாயில் அந்தக் கட்சியை வைத்ததில்தான் குரோசாவாவின் நேர்மை இருக்கிறது. முரடர் ஒருவர் வாயில் வைத்திருந்தால் நாமே ஊதித் தள்ளிவிட்டுப் போயிருப்போம்.

ஆனால் முதுகுப்பை இருக்கிறதே. யூசா போரிலிருந்து திரும்பி வரும் வழியில் அவன் முதுகுப்பை களவுபோனது. அதோடு ஆளே மாறிவிட்டான் என்று அவன் அக்கா சொல்கிறாள். முராகாமி திரும்பி வந்தபோதும் அவன் பை களவுபோனது. அவனிடம் அப்போது இருந்ததெல்லாம் அந்தப் பைதான். ஒரு கணம் அவனுக்கும் கொள்ளையடிக்கலாம் என்று தோன்றியிருக்கிறது. முராகாமி போலீஸில் சேர்ந்தான், யூசா துப்பாக்கியை வாடகைக்கு எடுத்தான்.

இதை வைத்துப் பல விமரிசகர்கள் கட்டும் கணக்கு எளிமையானது. ஒரே இழப்பு, இரண்டு முடிவு. ஆகவே மனித மனத்தின் தேர்வுதான் எல்லாம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. போலீஸில் சேர எத்தனை பேருக்கு இடம் இருந்தது? யூசா விண்ணப்பித்தானா, நிராகரித்தார்களா, படம் சொல்லவில்லை. படம் காட்டுவது அவன் படுத்துக் கிடந்த இடத்தை. அக்காள் புருஷன் பீப்பாய் கட்டும் கொட்டகை, அதன் பக்கத்தில் ஒட்டுத் திண்ணைபோல் ஓர் இடுக்கு. அங்கே ஒரு தாளில் அவன் கிறுக்கி வைத்திருக்கிறான். மழையில் நனைந்து காலைச் சுற்றி வந்த ஒரு பூனையை மிதித்துக் கொன்றதைப் பற்றி, அது படும் பாட்டைவிடச் சாவதே மேல் என்று. முராகாமி அதைப் படிக்கும்போது அவன் முகத்தைப் பார்த்தீர்களா? தேர்வு பற்றிப் பேசுகிறவர்கள் அந்தத் தாளை மறந்துவிடுகிறார்கள்.

அதே சமயம் முராகாமியின் இரக்கத்தையும் படம் சும்மா விட்டுவிடுவதில்லை. யூசா கொன்றது ஒரு பெண்ணை. வீடு திரும்பிய கணவன், அவள் ஆசையாக வளர்த்த தக்காளிச் செடிகளைப் பிய்த்து எறிகிறான். அதற்கு முன்பு ஓர் இளம்பெண், கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தைப் பறிகொடுத்துக் கையிலும் குண்டடி பட்டாள். இவர்களிடம் போய் நிலைமை சரியில்லை அம்மா என்று சொல்ல முடியுமா? முராகாமியால் முடியவில்லை. ஒவ்வொரு குண்டும் தன் துப்பாக்கியிலிருந்து போனது என்ற குற்ற உணர்ச்சியில் அவன் குமைகிறான். பயிற்சித் திடலில் தான் சுட்ட பழைய குண்டை மரக்கட்டையிலிருந்து தோண்டி எடுத்து, அடிபட்டவள் உடம்பிலிருந்து எடுத்ததோடு ஒப்பிடக் கொண்டு போகிறானே, தன் மேல் குற்றப்பத்திரிகையைத் தானே எழுதுகிற வேலை அது.

கவுனுக்கு வருகிறேன். ஹருமி, மேடை நடனக்காரி. நடித்த கெய்கோ அவாஜிக்கு அப்போது பதினாறு வயது, நடனக் குழுவிலிருந்து அழைத்து வந்த பெண். அவள் கூட்டாளிகள் ஆட்டம் முடிந்து வந்து, மேடைக்குப் பின்னே தரையில் பொத்துப்பொத்தென்று விழுந்து, வியர்வை மின்ன மூச்சு வாங்கிக்கொண்டு கிடப்பார்கள். அசகாசு நகாயின் கேமரா அந்த உடம்புகளை ஆசையோடு பார்க்கவில்லை, கூலியாட்களைப் பார்ப்பதுபோல் பார்க்கிறது. ஹருமி கடைக் கண்ணாடிக்குள் ஒரு கவுனைப் பார்த்து, இது வேண்டும் என்று யூசாவிடம் வாய்தவறிச் சொன்னாள். அவன் அழுதுவிடுவான்போல நின்றான். ஒரு வாரத்தில் கவுன் வந்தது. இப்போது போலீஸ்காரன் எதிரில் அதை அணிந்துகொண்டு, வெளியே இடி இடிக்க, சுற்றிச் சுற்றி ஆடுகிறாள், எவ்வளவு சந்தோஷம் பார் என்று. அம்மா அதைப் பிடுங்கி மழையில் வீசுகிறாள். இதற்கு முன்பு ஹருமி ஒன்று சொல்கிறாள்: இப்படிப்பட்டதையெல்லாம் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுகிறார்களே, அவர்கள்தான் கெட்டவர்கள். சிறுபிள்ளைத்தனமான பேச்சுதான். ஆனால் அதற்குப் படத்தில் யாரும் சரியான பதில் சொல்லவில்லை. முராகாமியின் பதில், என் பையும்தான் திருடுபோனது என்பது. அது பதிலா?

அமெரிக்கர்களைப் படத்தில் எங்கேயாவது பார்த்தீர்களா? தெருவெல்லாம் அவர்கள் நடமாடிய காலம் அது. திரையில் அவர்கள் சீருடை ஒன்றுகூட இல்லை. படை ஆளுகையை விமரிசிக்கும் எதற்கும் தணிக்கையில் வழி கிடையாது. அதிகாரத்தில் இருந்தவர்கள் திரையில் இல்லாததால், குற்றத்துக்குப் பொறுப்பு யார் என்ற விசாரணை இரண்டு ஏழை ஜப்பானியர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. போரைத் தொடங்கிய ஜப்பானியத் தலைவர்களும்தான் படத்தில் இல்லை. அதற்குத் தணிக்கையைக் குறை சொல்ல முடியாது.

கடைசித் துரத்தலைப் பற்றி உலகம் முழுக்க எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்கிக்கொள்கிறேன். ஒஹாரா ரயில் நிலையத்தில், இடது கையால் தீக்குச்சி கிழிப்பவன், வெள்ளை உடையில் சேறு படிந்தவன் என்று அடையாளம் தெரிகிறது. ஓட்டம். காட்டுக்குள் முதல் குண்டு முராகாமியின் கையில் பாய்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு பெண் பியானோ பழகிக்கொண்டிருக்கிறாள். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, ஒன்றும் விளங்காமல் மறுபடி வாசிக்க உட்காருகிறாள். சோகமான இடத்தில் உல்லாசமான இசையை வைப்பது குரோசாவாவும் இசையமைப்பாளர் ஃபூமியோ ஹயசாகாவும் முந்தைய வருஷத்து 'குடிகார தேவதை' படத்திலேயே பழகிய வித்தை. தன் அப்பா இறந்த செய்தி வந்த அன்று தெருவில் ஒரு துள்ளல் இசை கேட்டு மனம் இன்னும் கனத்ததிலிருந்து இது பிறந்ததாகக் குரோசாவா சொல்லியிருக்கிறார். தோட்டா தீர்ந்ததும் யூசா துப்பாக்கியை எறிகிறான். இருவரும் சேற்றில் புரண்டு, விலங்கு மாட்டி முடிந்ததும் பூச்செடிகளுக்கு நடுவே அக்கம்பக்கமாக விழுந்து இளைக்கிறார்கள். இருவர் உடையும் ஒரே சேறு. எவன் போலீஸ் என்று ஒரு கணம் தெரியவில்லை. பள்ளிப் பிள்ளைகள் பாடிக்கொண்டு போகிறார்கள். அப்போது யூசா ஊளையிட்டு அழுகிறான். இசாவோ கிமுரா என்ற நடிகருக்குப் படத்தில் வாய்த்ததே அந்தச் சில நிமிஷங்கள்தான். 'ஏழு சாமுராய்'களில் கடைக்குட்டியாக வருபவர் இவரேதான் என்று சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும்.

படம் அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. குண்டடி பட்டுப் பிழைத்த சாதோ, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி ஆறுதல் சொல்கிறார். முதல் கைது எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், போகப்போக யூசாவை மறந்துவிடுவாய் என்கிறார். அனுபவசாலியின் பேச்சு. ஆனால் அந்த அழுகையைக் கேட்ட பிறகு இந்த ஆறுதல் காதில் ஏறவில்லை. எனக்கு இது படத்தின் மிகப் பலவீனமான காட்சி. தணிக்கைக்குப் பயந்தா, இரவு வீட்டுக்குப் போகிற ஜனங்களைச் சமாதானப்படுத்தவா, எதற்காக வைத்திருந்தாலும், முந்தைய காட்சி இதைப் பொய்யாக்கிவிட்டது. மிஃபுனேயின் முகத்திலும் சம்மதம் தெரியவில்லை.

குரோசாவாவுக்கே இந்தப் படத்தின் மேல் பல வருஷம் திருப்தி இல்லை. உத்தி மிஞ்சிவிட்டது, சிமெனான் வரவில்லை என்றார். ஜப்பானின் 'கினெமா ஜுன்போ' பத்திரிகை அந்த வருஷத்துப் படங்களில் இதை மூன்றாவதாக வைத்தது. முதலிடம் இயக்குநர் ஓசுவின் 'பிந்திய வசந்த'த்துக்கு. அந்தத் தீர்ப்பில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டது இதைத்தான். 1973இல் ஜப்பானிலேயே மறுபடி எடுத்தார்கள். தமிழில் 2017இல் ஸ்ரீகணேஷ் இயக்கிய '8 தோட்டாக்கள்' இதன் தூண்டுதலில் வந்தது. அங்கே துப்பாக்கி, எம்.எஸ். பாஸ்கர் ஏற்ற வயதான ஒருவர் கைக்குப் போய்ச் சேருகிறது. காப்பி என்று உதடு பிதுக்க வேண்டாம். யூசாவை இளைஞனாக விடாமல், வாழ்ந்து நொந்த மனிதனாக மாற்றினால் கேள்வியே வேறாகிறது என்று கண்டுபிடித்த மூளைக்கு மரியாதை செய்யலாம்.

என் நேரம் முடிந்துவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இனி உங்கள் முறை. சாதோதான் சரி, ஆஸ்பத்திரிக் காட்சி இல்லாமல் படம் நிற்காது என்று நினைப்பவர்கள் இந்த அரங்கில் நிச்சயம் இருக்கிறீர்கள். அவர்கள் முதலில் எழுந்து பேசுங்கள். என்னோடு உடன்படுகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம்.